சேவல்கொண்டைக் கல்

அலமாரியைத் திறந்ததுமே தீக்குச்சி கிழித்த வாடை குப்பென்று அடித்தது. நெவேனா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கல் இருந்த இடத்தில் கல் இல்லை. வெள்ளையாகப் பொடி, நடுவே நாலைந்து சில்லு, அவ்வளவுதான். அடியில் விரித்திருந்த பூவேலைத் துணிகூட அரித்துப்போய் ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது.

போச்சு! இன்றைக்குப் பார்த்தா இப்படி ஆக வேண்டும்?

இன்று புனித இவான் திருநாள். மதான் ஊர்ச் சுரங்கத்துக்காரர்களுக்கு அவர்தான் காவல். இந்த வீட்டில் இன்று மட்டும்தான் அந்தக் கல் அலமாரியை விட்டு வெளியே வரும். மாமனார் யோர்தான், ஈயச் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்த அன்று, அவருடைய ரொட்டிப் பையில் இருந்த கல். அவர் மகன் ராங்கேல், நெவேனாவின் கணவன், அதை முத்தமிட்டுவிட்டுத்தான் அடுத்த ஒரு வருஷத்துக்குப் பயமில்லாமல் குழியில் இறங்குவான்.

மற்ற நாளெல்லாம் அலமாரிக்குப் பூட்டு. சாவி மாமியார் தோன்காவிடம். "அந்தக் கல்லு மேல கை வச்சே, எனக்குக் கெட்ட கோவம் வரும்!" கல்யாணமாகி வந்த மருமகளுக்குக் கிடைத்த முதல் வரவேற்பே இதுதான்.

மகளைப் பார்க்கப் போன மாமியார், "தூசி மட்டும் தட்டி வை" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது பஸ் வருகிற நேரம். ராங்கேல் தேவாலயத்திலிருந்து திரும்புகிற நேரமும்கூட.

சில்லுகளைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"ஸ்பாஸ் சித்தப்பா, நான் செத்தேன்!"

மாமனாரோடு வேலை பார்த்தவர் ஸ்பாஸ். ஒரு சில்லை எடுத்து முகர்ந்தார்.

"தண்ணியில கழுவினியா?"

"போன வருஷம் இதே நாள்ல வெளியே எடுத்தப்ப... ஒரே கறுப்பா இருந்துச்சேன்னு... சோப்புப் போட்டு... அத்தைகிட்ட நல்ல பேரு வாங்கலாம்னு..."

"நல்லா வாங்குவே! பைரைட்டுக் கல்லா இருந்தாலாவது தப்பிச்சிருப்பே. இது மார்கசைட்டும்மா. ரெண்டுலயும் இரும்பும் கந்தகமும்தான், ஆனா இது பொல்லாத ரோஷக்காரக் கல்லு. ஈரத்தோட பூட்டி வச்சா தன்னைத்தானே தின்னு தீர்த்துடும்."

"இவர் இதைப் பார்த்தா அப்புறம் எப்படிச் சித்தப்பா குழிக்குள்ள இறங்குவாரு? கை நடுங்கினா அங்கே என்ன ஆகும்? இதே மாதிரி ஒண்ணு கிடைக்காதா?"

 ஸ்பாஸ் கட்டிலுக்கடியில் கிடந்த மரப்பெட்டியை இழுத்து, வைக்கோலை விலக்கி ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். அதே சேவல்கொண்டை மடிப்பு, அதே வெளுத்த பொன் நிறம். அளவுதான் ஒரு சுற்றுச் சின்னது.

"அத்தை கண்டுபிடிச்சிடுவாங்களா?"

"தோன்காவா? அவ கண்ணுக்கு எதும்மா தப்பியிருக்கு!" என்று சிரித்தார்.

சிரிக்கிற நேரத்தைப் பார்! நெவேனா கல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

வேறு துணி விரித்துக் கல்லை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் மாமியார். தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை, நேராக அலமாரிக்குத்தான் போனாள்.

"துணி மாத்தினியா?"

"அ... அழுக்கா இருந்துச்சு அத்தை."

தோன்கா கல்லைக் கையில் எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். மேஜை நடுவில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. 

ராங்கேல் வந்தான். குனிந்தவன் பாதியில் நின்றான்.

"என்னம்மா, கல்லு சின்னதாத் தெரியுது?"

நெவேனா அவசரமாகத் தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

"உன் தொப்பை பெருத்துப் போச்சு, பாக்கிறதெல்லாம் சின்னதாத்தான் தெரியும்!" உள்ளேயிருந்து மாமியார் குரல். "உங்கப்பா கொண்டுவந்த கல்லு எனக்குத் தெரியாதா? முத்தம் குடுத்துட்டு வந்து சாப்பிடு!"

அவன் சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக் கல்லை முத்தமிட்டான். முகம் தெளிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

நெவேனாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சமையலறைக்குள் போய் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. அது மாமா கல்லு இல்ல. அது பொடியாயிடுச்சு. இது ஸ்பாஸ் சித்தப்பாகிட்ட..."

"தெரியும். அன்னிக்கு ஸ்பாஸ் ரெண்டு கல்லை எடுத்துக் காட்டினாரு. நான் பெருசை எடுத்துக்கிட்டேன், வேண்டாம்னு ஒதுக்கின கல்லு இது."

"என்னைக்கு அத்தை?"

தோன்கா கதவைச் சாத்தினாள். குரல் இறங்கியது.

"உன் மாமனாரைப் புதைச்ச அன்னிக்கு. அந்தப் பையில கல்லே இல்லடி, கடிச்சு வச்ச ரொட்டிதான் இருந்துச்சு. 'அப்பா எனக்குக் கல்லு கொண்டுவரேன்னு சொன்னாரே, எங்கேம்மா?'ன்னு சவப்பெட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கிறான் புள்ளை. நான் என்னடி பண்ணுவேன்?"