குட்டிப் பெட்டி போதும்

"அந்தப் பெரிய ஸ்பீக்கரை உங்களுக்குக் கொடுக்க மாட்டேம்மா" என்றார் கடைக்காரர்.

பாடகிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஐந்து நிமிடம் முன்பு வரை அதே ஸ்பீக்கரைத் துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டிய மனிதர். எங்கே வாசிக்கிறீர்கள் என்று கேட்டார்; பழைய அச்சகத்து ஹாலில் என்றாள். பெட்டி எந்தச் சுவரைப் பார்த்து நிற்கும் என்றார், பின்சுவரை என்றாள். அதோடு துணியை மடித்து வைத்துவிட்டார்.

"ஏன், எங்களைப் பாத்தா வாங்குற மூஞ்சியாத் தெரியலையா? இல்ல, பொம்பளைப் பிள்ளை பாடறதுக்கு இவ்வளவு எதுக்குன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"அக்கா, மெதுவா" என்று தங்கை அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குழுவில் கிட்டார் அவள். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற டிரம்ஸ்காரனுக்கு 'இடி' என்று பட்டப்பெயர். அவன் அடிக்க ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவருக்குத் தான் நினைப்பதுகூடக் கேட்காது.

வில்லங்கமே அங்குதான் இருந்தது. போன இரண்டு சனிக்கிழமையும் அவள் தொண்டை கிழியப் பாடியும் இடியைத் தாண்டி ஒரு சொல் வெளியே வரவில்லை. "வாய் அசையுது, பாட்டு எங்கம்மா?" என்று ஹால்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார். வருகிற சனிக்கிழமையும் குரல் கேட்காவிட்டால் மேடை வேறு குழுவுக்கு என்று சொல்லிவிட்டார். அந்த ஹாலை விட்டால் இவர்களைக் கூப்பிட வேறு நாதி இல்லை.

கடைக்காரர் கோபப்படவில்லை. மூன்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. அது எம்மாத்திரம் ஹாலு? அதுல இந்த ராட்சசனைக் கொண்டுபோய் நிறுத்தினா என்ன ஆகும்? சத்தம் சுவத்துல மோதி உன் மைக்குக்குள்ளயே திரும்பி வரும். 'கூ'ன்னு ஊளையிடும். நீ பாடுவியா, நாயை விரட்டுவியா?"

இடி சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. "அப்ப எதைத்தான் வாங்கறது?"

அவர் கீழ்த்தட்டிலிருந்து இரண்டு குட்டிப் பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஊருக்குக் கொண்டுபோகும் கைப்பெட்டி அளவுதான் இருந்தன. மைக்கைச் செருகி அவளிடம் நீட்டினார். "பாடு."

பாடினாள். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. தங்கை முகம் மலர்ந்தது.

"இந்தத் தீப்பெட்டிக் கடைக்குள்ள ரேடியோ வெச்சாகூடக் கதவு ஆடும்" என்று இடி முணுமுணுத்தான். "நான் அடிக்கும்போது கேக்குமான்னு சொல்லுங்க."

"நீ கொஞ்சம் கையை அடக்கி அடிடா தம்பி. ஒரு பொண்ணு பாடுது, நீ கட்டடம் இடிக்கிறே."

அந்த வார்த்தை அவளுக்கு இதமாக இருந்தது. அதனாலேயே சந்தேகமாகவும் இருந்தது. இதுவரை ஏறி இறங்கிய ஏழு கடையிலும் பெரியதைக் காட்டி, அதைவிடப் பெரியதைப் பேசினார்கள். பாதி விலைப் பொருளை எடுத்து வைத்து இதுவே போதும் என்று எவனாவது சும்மா சொல்வானா?

"சின்னதை வித்தா உங்களுக்கு என்ன லாபம்?" நேராகவே கேட்டாள்.

"ஒரு லாபமும் இல்ல. மனசுக்கு நிம்மதி, அவ்வளவுதான்."

"பாட்டு கேக்கலைன்னா திரும்ப எடுத்துக்குவீங்களா?"

"வித்தது வித்ததுதாம்மா. போர்டே மாட்டியிருக்கேன் பாரு."

தங்கை அக்காவைப் பார்த்தாள், இடி பெரிய பெட்டியைப் பார்த்தான். மூன்று பேரும் ஒரு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு. தப்பாகப் போனால் இன்னொன்று வாங்க வழியே இல்லை. அவள் கடைக்காரர் கண்ணையே உற்றுப் பார்த்தாள். அவர் இமைகூட அசையவில்லை.

"எங்களால பெரிசும் வாங்க முடியும்" என்றாள் கடைசியாக ஒரு தரம்.

"முடியும்னு தெரியும். முடியுங்கிறதுக்காக வாங்கணுமா? என் பொண்ணா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்."

அவள் மூச்சை விட்டாள். "சரி. இதையே போடுங்க."

"நல்லா யோசிச்சியா?" என்றான் இடி.

"யோசிச்சாச்சு. தூக்கு."

பில்லைக் கிழித்துக் கொடுத்த கையோடு, ஒரு புது மைக் ஒயரையும் காசில்லாமல் எடுத்து வைத்தார் கடைக்காரர். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. மனிதரை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்.

"வந்ததும் வாய் நீட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கண்ணே."

"அட, போம்மா. பாடறவங்களுக்குக் கோவம் இருக்கணும்."

வண்டியில் பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டிய பிறகுதான், அந்த ஒயரை மேசையிலேயே விட்டுவந்தது தெரிந்தது. "பாத்தியா, நல்ல மனுஷன் கொடுத்ததை மறந்துட்டேன்" என்று தலையில் தட்டிக்கொண்டு அவள் மட்டும் திரும்ப ஓடினாள்.

கடைக்காரர் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக் கொண்டிருந்தார்.

"ஆமாண்டி, அதே கோஷ்டிதான். ஹாலோட பின்பக்கம், நம்ம வீட்டுச் சுவரைப் பாத்துதான் பெட்டியை வைக்கப் போறாங்களாம்."

ஒயரை எடுக்க நீட்டிய அவள் கை பாதியில் நின்றது.

"நீ பயப்படாம சனிக்கிழமை குழந்தையைத் தூங்க வை, சின்னதையே அவங்க தலையில கட்டிட்டேன்."