வைத்தியச்சிக்கு வேலையில்லை

ரத்தம் ஆறாக ஓடினாலும் சரி, இன்றைக்கு எழுந்துபோய் ஒருவருக்கும் கட்டுப் போடப் போவதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே கொழுந்தன் அலறினான்.

"அண்ணி! என் கை போச்சு!"

"அச்சச்சோ" என்றாள், மடியிலிருந்த புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேசையில் உருண்ட இருபது முகப் பகடை ஒன்று என்ற எண்ணில் நின்றிருந்தது. அட்டை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கதையை நடத்தும் மாமியார், தன் டிராகன் கடித்த கையைத் திருப்தியோடு குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும், ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் இந்தக் கதை விளையாட்டில் அந்த மேசை போர்க்களமாகிவிடும். கணவன் வாள்வீரன், கொழுந்தன் வில்லாளி. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வைத்தியச்சி. இருவருக்கும் பின்னால் நின்று மூலிகை அரைத்தே காலம் போயிற்று.

இப்போது விளையாட்டின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. தலையணை கனத்தில் விதிப்புத்தகம். "நீ படிச்சுச் சொல்லு, நாங்க ஆடறோம்" என்று வழக்கம்போல அதை அவள் மடியில் வைத்துவிட்டார்கள்.

"காயம்பட்டவங்க தாங்களே கட்டுப் போட்டுக்கணும்" என்றாள், பக்கத்தைப் புரட்டி. "வைத்தியர் தொடக்கூடாது. முன்னாடி நின்னு சண்டை போடலாம்."

"எந்த மடையன் எழுதினான் இதை?" கணவன் கொதித்தான்.

"ஒத்தக் கையால நான் எப்படி முடிச்சுப் போடறது?" என்றான் கொழுந்தன். "சரி, ராத்திரி முகாம்ல தூங்கி எழுந்தா சரியாயிடுமா அண்ணி?"

"சமைச்சுப் பாத்திரம் கழுவுறவங்களுக்குத்தான் போன பலம் திரும்புமாம்."

"வில்லாளி பாத்திரம் கழுவணுமா! பழைய பதிப்புல இந்தக் கேவலம் உண்டாம்மா?"

"எனக்கும் புரியலைடா" என்றார் மாமியார். "நீங்க ரெண்டு பேரும் வெங்காயம் உரிக்கப் போயிட்டா, என் டிராகன் யாரோட சண்டை போடும்?"

"என்னோட, அத்தை."

அவள் பகடையை உருட்டினாள். இருபது விழுந்தது. வைத்தியச்சியின் கத்தி டிராகனின் வயிற்றில் கைப்பிடிவரை இறங்கியது. எத்தனையோ குகைகளுக்குள் போய் வந்திருக்கிறாள். இரண்டு முதுகுகளைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

கணவன் பகடையை எடுத்து ஓரமாக வைத்தான். "போதும். பழைய பதிப்புக்கே போயிடலாம். இதுல வைத்தியருக்கு மரியாதையே இல்ல. பாவம், இவ கத்தியெல்லாம் தூக்க வேண்டியதாப் போச்சு. பழசுல நீ எங்களை நிம்மதியா குணப்படுத்தலாம், இல்ல?"

மூவரும் அவளை அனுதாபத்தோடு பார்த்தார்கள். அவள் புத்தகத்தை மெல்ல மூடினாள்.

"இதுலயும் வைத்தியர் குணப்படுத்தலாம்னுதான் போட்டிருக்குங்க. எனக்குத்தான் இஷ்டமில்ல."