கல்லாய் உட்கார்ந்த கதை

அபூர்வ ஜாதி நாயாம். காப்பகத்தில் பார்த்ததுமே என் மனைவிக்குப் பிடித்துப் போயிற்று. எனக்கோ நாய் என்றாலே குலை நடுங்கும். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் மறைத்து வரும் ரகசியம் அது.

“அதுக்கு உங்களைப் பிடிச்சாத்தான் சார் தருவோம்” என்று என்னை அதனோடு தனியறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள் காப்பகப் பெண்.

‘பிடிக்காமல் போகட்டும், கடவுளே!’

எருமை அளவில் ஓர் உருவம் நெருங்கியது. கண்ணை இறுக மூடி, மூச்சடக்கிக் கல்லாய் உட்கார்ந்தேன். நூறு கிலோ தலை ஒன்று என் மடியில் விழுந்தது.

கதவு திறந்தது. “பிரமாதம் சார்! கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே இருந்தோம்” என்றாள் காப்பகப் பெண். “வர்றவங்க எல்லாம் கொஞ்சப் போவாங்க, இது மிரண்டு ஓடிடும். நீங்கதான் பார்க்காம, தொடாம, அதுவா வர விட்டீங்க. இதே மாதிரி மிரண்டது இன்னும் ஏழெட்டு இருக்கு. வந்து உட்காருவீங்களா?”

“அதுக்கென்ன, ரிட்டயர் ஆனவர்தானே! தினமும் வருவார்” என்றாள் மனைவி, பெருமையாக.