பலூன் டெஸ்ட்

வயித்து ஆபரேஷனுக்கான ஊசியோட முனையை ஷாலினி அமுக்கி விட்டா. உள்ள இருந்த மொட்டைக் கம்பி மெதுவா வெளிய வந்துச்சு.

"இது ஆவாது," மாரிசெல்வி தலையாட்டுனா. "வயித்துக்குள்ள எறங்குன நொடியே கம்பி முந்தி வரணும்லா? இல்லன்னா கூர்முனை குடலைக் குத்திரும். வேற எடுங்க."

"பம்பாய்ல இந்த ஊசி செஞ்சீங்களே, அந்தக் குர்லா பட்டறையிலயும் இதே கறார்தானா மாரிக்கா?" ஷாலினி கேட்டா.

மாரிசெல்விக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. "தண்ணி பலூன் மேல தாராவி தோல்துண்டை இழுத்துக் கட்டிக் குத்துவோம். பலூன் ஒடைஞ்சா, கம்பியைத் தள்ளுற ஸ்பிரிங்கை மாட்டுன ஆளு எல்லாருக்கும் வடாபாவ் வாங்கணும். பாவம், கூட வேலை பாத்த பேச்சிராஜா, வாங்கி வாங்கியே இளைச்சுட்டான்! அப்படிச் சிரிச்சு எத்தனை வருசமாச்சு..."

ஷாலினி அடுத்த ஊசியை அமுக்கி விட்டா. டக்! கம்பி முந்தி வந்துச்சு.

"ஏக்தம் பக்கா! இது பாஸ்."

"இப்ப பயம் போச்சாக்கா?"

"போச்சு டாக்டர்," ஆபரேஷன் டேபிள்ல மல்லாந்து படுத்திருந்த மாரிசெல்வி சொன்னா. "மயக்க மருந்தைக் குடுங்க."