யார் பக்கமும் இல்லாத துறைமுகம்

வேதவல்லி பேருந்தைவிட்டு இறங்கியபோது, வில்லியம்ஸ்டவுன் படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்திருந்த சடகோபனின் கண்ணுக்கு மகள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு கையால் அவர் தாடையைத் தாங்கி, குழந்தைக்கு விடுவதுபோல.



முன்னாள் கணவர் வருவார் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. தமிழ்ச் சங்கத்து மூத்தோர் குழுவின் சுற்றுலா இது. மகள் லக்ஷ்மிப்ரியா பொறியாளர். சனிக்கிழமைகளில் இந்தத் துறைமுகத்தின் பழங்கதைகளை வருகிறவர்களுக்குச் சொல்வாள். அதைக் கேட்கத்தான் வேதவல்லி நகரின் மறுகோடியிலுள்ள டான்டினாங்கிலிருந்து வந்திருந்தாள்.

விவாகரத்து ஆன அன்று லக்ஷ்மிப்ரியா அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள். தான் யார் பக்கமும் இல்லை என்று.

ஆனால் கண் ஆபரேஷனுக்காக வெளியூரான டூங்கபியிலிருந்து வந்த மனிதர், ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் பாயின்ட் குக்கில் மகள் வீட்டிலேயே இருக்கிறார். ஜன்னலோர சோபாவில் அவர், மடியில் பேரன், கையில் தட்டு. படங்கள் போனுக்கு வந்தபடியே இருந்தன. ஒவ்வொன்றையும் வேதவல்லி விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

அடையின்மேல் வெண்ணெய்கூட இருந்தது.

லக்ஷ்மிப்ரியா கதையை ஆரம்பித்தாள். 1865. அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் போர். தெற்கின் போர்க்கப்பல் ஒன்று பழுதோடு இந்தத் துறைக்குள் வந்தது. அப்போது பிரிட்டனின் காலனி இது, அந்தப் போரில் பிரிட்டன் நடுநிலை. ஆகவே பழுது பார்க்க விடலாம், சாப்பாடும் நிலக்கரியும் தரலாம். ஆள் சேர்க்க விடக் கூடாது. வேலை முடிந்ததும் அனுப்பிவிட வேண்டும்.

நடந்தது வேறு. ஊரே ரயிலேறிக் கப்பலைப் பார்க்க வந்தது. அதிகாரிகளுக்கு விருந்து, நடனம். கப்பல் கிளம்பியபோது இங்கிருந்து நாற்பது பேருக்குமேல் அதில் ஒளிந்து போனார்கள். வடக்கின் தூதர் இதே ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆளுநருக்குப் புகார்மேல் புகாராக எழுதினார்.

சடகோபன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மகள் அவர் பக்கம் திரும்பாமலேயே வாங்கிக் குடித்தாள். அவ்வளவு பழக்கம்.

வேதவல்லியால் பொறுக்க முடியவில்லை.

“ஒருத்தருக்கு மட்டும் விருந்து வெச்சுட்டு, யார் பக்கமும் இல்லைன்னு எப்படிச் சொல்லிக்கிட்டாங்க?”

குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. கிசுகிசுத்துக்கொண்டிருந்த இருவர் நிறுத்தினார்கள். சடகோபன் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

லக்ஷ்மிப்ரியா பாட்டிலை மெதுவாக மூடினாள். அம்மாவை நேராகப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

“அந்தப் போர்ல வடக்கோட போர்க்கப்பல் எதுவும் இங்க வரலைம்மா. வராத கப்பலுக்கு எப்படி விருந்து வைக்கிறது?”

யாரோ சிரித்தார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வேதவல்லி சிரிக்கவில்லை.

விவாகரத்து அன்று வந்த மகளின் செய்திக்கு அவளும் ஒரு பதில் அனுப்பியிருந்தாள். அந்த மனுஷன் வந்துபோகிற வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று. அதற்குப் பிறகுதான் மகள் அந்த வீட்டை வாங்கினாள். பால் காய்ச்சினாள். பிள்ளை பெற்றாள், அவனுக்கு முதல் சோறு ஊட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அம்மாவைக் கூப்பிட்டாள்.

அந்த வீட்டை வேதவல்லி போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

குழு பேருந்துக்குத் திரும்பியது. அவள் ஏறவில்லை. மகளின் காருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முன் இருக்கையில் ஏறப்போன சடகோபன், பின்னால் போய், பேரனின் குட்டி இருக்கைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

வீடு இங்கிருந்து ரொம்ப தூரமா என்று வேதவல்லி கேட்டாள்.

எந்த வீடு என்று மகள் கேட்கவில்லை.