இடது ஓரம்

"இந்தத் தாளை மலர்ல சேர்க்க முடியாது கண்ணு."

விமலாராணி டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் ஏழாம் வகுப்பு முழுவதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

மேசையருகே பாவாத்தாள் நின்றிருந்தாள்.

"கட்டுரை நல்லாத்தான் இருக்குது. சத்தியமங்கலத்துல பவானி பெருகி வந்ததைப் பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி இருக்குது. ஆனா இந்த ஓரத்தைப் பாரு."

தாளின் இடது ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரே நீல மையாக இருந்தது.

குழந்தையாக இருந்தபோது கரும்பு ஆட்டும் ஆலையில் சிக்கிப் பாவாத்தாளின் வலது கை விரல்கள் போய்விட்டன. எழுதுவதெல்லாம் இடது கையால்தான். கட்டைப் பேனாவை மையில் தொட்டு ஒரு வரி எழுதினால், பின்னாலேயே வரும் உள்ளங்கை ஈர எழுத்தின்மேல் உரசும். அடுத்த வரியைத் தொடங்கக் கையை ஓரத்துக்குக் கொண்டுபோனால், அந்த மை அங்கே ஒட்டிக்கொள்ளும். மை ஒற்றும் தாளை வைத்தும் பார்த்தாயிற்று. எழுத்து தப்பித்தது, ஓரம் தப்பவில்லை.

பள்ளிக்கூடத்தின் முதல் ஆண்டு மலர் அது. அச்சடிக்க வசதி ஏது? விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம், அவரவர் ஊரைப் பற்றிக் கையால் எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான். டீச்சர் தாமே முன்னுரை எழுதி, அதையே மாதிரிப் பக்கமாகக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். தலைப்பு சிவப்பு மையில், நடுவில். படம் வலது பக்கம், மேலே. இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. அங்கே ஒரு புள்ளிகூடக் கூடாது.

போன வாரம் மேட்டுப்பாளையத்துச் சென்னியம்மாள் அந்த ஓரத்தில் ஒரு பாக்கு மரத்தை நட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"அழகாத்தானுங்களே இருக்குது டீச்சர்?"

"எல்லார் பக்கத்துலயும் இதே இடத்துல இருந்தா அது அலங்காரம். உன் பக்கத்துல மட்டும் இருந்தா கிறுக்கல். புரட்டிப் பார்க்கறவங்களுக்கு எல்லாப் பக்கமும் ஒரே வீட்டுப் புள்ளைங்களாட்டம் சாடை தெரியோணும்."

"அப்போ மதுக்கரைக்காரி பக்கத்துலயும் பாக்கு மரம் வெக்கச் சொல்லுங்க. அவ ஊர்ச் சிமெண்டு ஆலைத் தூள்ல வளருமான்னு பார்க்கலாமுங்க."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, புதுத் தாள் கொடுத்து மறுபடி எழுத வைத்தார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அருள்செல்விக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அவ உனக்கு எழுதித் தருவா. கீழே உன் பேருதான் இருக்கும், என்ன?"

பாவாத்தாள் தயங்கினாள். "என் கையெழுத்து மலர்ல இருக்காதுங்களா டீச்சர்?"

"அதனால என்ன கண்ணு?"

"எங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா என் எழுத்தைப் பார்த்தாத் தெரிஞ்சுக்குவாங்க. ஆண்டு விழாவுக்கு வாரேன்னு சொல்லியிருக்காங்க."

டீச்சருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் விழாவுக்கு வரும் பள்ளி இன்ஸ்பெக்டரம்மா முதலில் கையில் எடுக்கப்போவது இந்த மலரைத்தான். அழுக்குப் பக்கம் ஒன்று கண்ணில் பட்டால், மற்றப் பிள்ளைகள் பட்ட பாடும் வீண்.

"நாளைக்குச் சாயங்காலம் மில் சங்கு ஊதறதுக்குள்ள எல்லாத் தாளும் என் மேசைக்கு வந்துரோணும்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

பாவாத்தாள் அழவில்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்து, இடது கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே தாள்கள் கட்டாக வந்துவிட்டன. கட்டைப் பிரித்த டீச்சருக்கு முகம் சிவந்தது.

முதல் தாளின் இடது ஓரம் முழுக்க நீல மை. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும். சென்னியம்மாளின் தாளில் கொஞ்சம் தாராளமாகவே. நடுவில் பாவாத்தாளின் அதே பழைய தாள். அருள்செல்வி அதை நகல் எடுத்திருக்கவே இல்லை.

"அவ கையைக் கேலி பண்றீங்களாடி?"

டீச்சர் தாள்களை உயர்த்திக் காட்டினார்.

"கூடப் படிக்கறவ குறையை வச்சு விளையாடறதுக்கா உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறாங்க? அருள்செல்வி, அந்தப் பிரம்பை எடு. எல்லாரும் ரெண்டு கையையும் நீட்டுங்க!"

நீட்டினார்கள். அத்தனை இடது உள்ளங்கையும் நீலமாக இருந்தது. பிரம்பைக் கொண்டுவந்த அருள்செல்வியின் கையும்தான்.

டீச்சர் பாவாத்தாளைத் தேடினார். குனிந்து அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தார். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சென்னியம்மாள்தான் நீட்டிய கையை மடக்காமல் பேசினாள்.

"ஏனுங்க டீச்சர், ஒரு பக்கத்துல மட்டும் இருந்தாத்தானுங்களே கிறுக்கல்? இப்போ எல்லார் பக்கத்துலயும் இருக்குதுங்க."

டீச்சர் தாள்களை ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினார். அதே இடத்தில், அதே இரண்டு விரல் அகலத்தில், சேலைக்குக் கரை போட்டதுபோல நீலம் ஓடியது. ஓரத்தை வைத்துப் பாவாத்தாளின் தாள் எது என்று சொல்ல முடியவில்லை. கையெழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

பிரம்பை மூலையில் சாத்திவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த மாதிரிப் பக்கத்தைக் கிழியாமல் உரித்தெடுத்தார்.

"அந்த மைக்கூட்டை இப்படிக் கொண்டாங்க. என் பக்கம் மட்டும் வெள்ளையாத் தனியா நிக்குது."