மேட்டில் விட்ட பிடி

பழைய டீசல் வேகன் ஒன்று விற்பனைக்கு நின்றது. அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஒரு கோளாறு உண்டு. சூடேறினால் பிடி வழுக்கும். வேகனும் கியர்பாக்ஸும் சேர்ந்து, வாங்க வருகிறவர்களிடம் அதை மறைத்தே வந்தன. அந்த வாரமும் விலைபோகாவிட்டால் காயலான் கடைதான்.

தெரசாள் என்ற பெண் வண்டியைப் பார்க்க, மெக்கானிக் இஸ்மாயிலோடு வந்தாள். அவர் கியர் ஆயிலைத் தொட்டு முகர்ந்தார். கருகல் வாடை இல்லை. ரிவர்ஸ் போட்டார், உடனே பிடித்தது.

"இருந்தாலும் சூடேற ஓட்டிப் பார்த்துடணும்மா" என்றார்.

தெரசாளே ஓட்டினாள். மேட்டில் ஏறும்போது கியர்பாக்ஸ் முனகியது. "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் தாங்கிக்கோ" என்று வேகன் கெஞ்சியது.

அப்போது தெரசாள் பக்கத்திலிருந்த இஸ்மாயிலிடம் சொன்னாள்: "அம்மாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ் அண்ணே. மலையிலேருந்து பஸ்ல வர அவங்களால முடியல."

 "பிடியை விட்டுடு" என்றது வேகன்.

"நம்மளைப் பிரிச்சுப் போட்டுடுவாங்க!"

"தெரியும். விட்டுடு."

கியர்பாக்ஸ் பிடியை விட்டது. இன்ஜின் அலறியது, சக்கரம் நகரவில்லை.

"இது வேண்டாம்மா" என்றார் இஸ்மாயில்.

வண்டியை ஆறவிட்டு, திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தெரசாள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். கியர்பாக்ஸ் அதன்பின் வேகனோடு பேசவேயில்லை.

வெள்ளிக்கிழமை காயலான் கடையில் முதலில் கியர்பாக்ஸைத்தான் கழற்றினார்கள். கடைசி போல்ட்டு சுழலும்போது அது மெல்லக் கேட்டது.

"அந்தப் பொண்ணோட அம்மா இப்ப எதுல போறாங்களோ?"